உலக வரலாற்று வகுப்பு (அமெரிக்க உயர்நிலைப் பள்ளிகள்)

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் உயர்நிலைப் பள்ளிகளில், பெரும்பாலும் 9 அல்லது 10ஆம் வகுப்பில் நடத்தப்படும் பாடம் உலக வரலாறு. அந்நாட்டில் பள்ளிக் கல்வி மாநிலங்களின் பொறுப்பு என்பதால் நாடு முழுமைக்கும் ஒரே பாடத்திட்டம் கிடையாது. வர்ஜீனியா மாநிலம் 1500ஆம் ஆண்டை எல்லையாக வைத்து இப்பாடத்தை இரண்டாகப் பிரித்துள்ளது. நியூயார்க்கில் புவியியலையும் சேர்த்து ஈராண்டுப் பாடமாக அது நடக்கிறது. கலிபோர்னியாவில் பழங்காலம் 6ஆம் வகுப்பிலும் இடைக்காலம் 7ஆம் வகுப்பிலும் முடிந்துவிட, 10ஆம் வகுப்புக்கு நவீன காலம் மட்டும் வருகிறது. எந்த மாநிலமானாலும் ஆசிரியர் முதலில் தீர்க்க வேண்டியது எதை விடுவது என்பதைத்தான். பாடத்தைச் சுற்றி நடந்துள்ள பெரிய சண்டைகளும் பெரும்பாலும் அதைப் பற்றியவையே.

தோற்றம்

19ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் 'பொது வரலாறு' என்ற பாடம் அமெரிக்கப் பள்ளிகளில் பரவலாக இருந்தது. உலகத்தின் கதை முழுவதையும் ஒரே நூலில் அடக்குவது அதன் முறை. வில்லியம் ஸ்விண்டன் 1874இலும் ஃபிலிப் வான் நெஸ் மையர்ஸ் 1889இலும் வெளியிட்ட பாடநூல்கள் இவ்வகையில் பெயர் பெற்றவை. வரலாறு என்று சொல்லத்தக்க எதையும் படைத்தது காக்கேசிய இனம் மட்டுமே என்பது ஸ்விண்டனின் முடிவு. வகுப்பறையில் நடந்தது பெரும்பாலும் ஒப்புவித்தல்தான். மாணவர் பத்தியை உருப்போட்டு வந்து எழுந்து நின்று சொல்ல வேண்டும்.

1892இல் தேசியக் கல்விச் சங்கம் அமைத்த 'பதின்மர் குழு' இந்த நிலையை மாற்ற முயன்றது. ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தின் சார்லஸ் எலியட் அதற்குத் தலைவர். வரலாற்றுப் பாடத்துக்கான அதன் துணை மாநாடு அவ்வாண்டு டிசம்பரில் விஸ்கான்சின் மாநிலத்தின் மேடிசன் நகரில் கூடியது. பின்னாளில் குடியரசுத் தலைவரான வுட்ரோ வில்சன், ஜேம்ஸ் ஹார்வி ராபின்சன், ஆல்பர்ட் புஷ்னெல் ஹார்ட் ஆகியோர் அதில் இருந்தனர். வரலாற்றை எட்டு ஆண்டுகள் தொடர்ச்சியாகக் கற்பிக்க வேண்டும் என்றார்கள். கேட்டதைப் பெரும்பாலான பள்ளிகள் கொடுக்கவில்லை.

நிலைத்தது அடுத்த குழுவின் அறிக்கை. அமெரிக்க வரலாற்றுச் சங்கம் 1896இல் அமைத்த 'எழுவர் குழு', ஆண்ட்ரூ மெக்லாஃப்லின் தலைமையில் 1899இல் தன் அறிக்கையை வெளியிட்டது. உயர்நிலைப் பள்ளியின் நான்கு ஆண்டுகளுக்கு நான்கு கட்டங்களை அது வகுத்தது. கிரேக்கம், ரோமாபுரி ஆகியவற்றை மையமாகக் கொண்ட பழங்கால வரலாறு முதல் கட்டம். அது ஏறத்தாழ பேரரசர் சார்லமேன் காலம் வரை வரும். பிறகு இடைக்கால, நவீன ஐரோப்பா. மூன்றாம் ஆண்டு இங்கிலாந்து. நான்காம் ஆண்டு அமெரிக்கா. பொது வரலாறு மேலோட்டமானது என்று குழு அதை ஒதுக்கியது. அதோடு ஆசியாவும் ஆப்பிரிக்காவும் சேர்ந்து வெளியே போயின. குழுவின் உறுப்பினர்களுள் ஒருவரான எச். மோர்ஸ் ஸ்டீஃபன்ஸ், கோவாவைப் பிடித்த போர்த்துகீசிய ஆளுநர் அல்புகெர்க்கைப் பற்றி 'இந்திய ஆட்சியாளர்கள்' வரிசையில் ஒரு நூலே எழுதியவர். அப்படிப்பட்டவர் உடன் அமர்ந்திருந்தும் இந்தியாவுக்கு ஒரு பருவம்கூடக் கிடைக்கவில்லை. குழுவின் ஒரே பெண் உறுப்பினர் வாசர் கல்லூரியின் லூசி மேனார்டு சால்மன்.

இந்த நான்கு கட்டங்களையும் கலைத்தது 1916இல் தேசியக் கல்விச் சங்கத்தின் மற்றொரு குழு வெளியிட்ட அறிக்கை. 'சமூக அறிவியல்' என்ற பெரிய தலைப்பின் கீழ் வரலாறு, குடிமையியல், பொருளியல் எல்லாம் ஒன்றுசேர்க்கப்பட்டன. வரலாற்றுக்கான ஆண்டுகள் சுருங்கின. பழங்காலம், ஐரோப்பா, இங்கிலாந்து என்று மூன்று ஆண்டுகளில் நடந்ததை ஓராண்டில் நடத்த வேண்டிய நிலை வந்தபோதுதான், பெரும்பாலும் 10ஆம் வகுப்பில், 'உலக வரலாறு' என்ற பாடம் பல பள்ளிகளில் வேர்விட்டது. உலகத்தின் மீது ஏற்பட்ட ஆர்வத்தால் வந்ததல்ல அது. கால அட்டவணையில் இடம் போதாமையால் வந்தது. பெயர் உலகம் என்றாலும் உள்ளடக்கம் ஐரோப்பாதான். எகிப்தும் மெசபடோமியாவும் முன்னுரையாக வந்து போகும். இந்தியாவும் சீனாவும் ஒரு அத்தியாயத்தில் எட்டிப் பார்த்துவிட்டு, ஐரோப்பியக் கப்பல்கள் வந்து சேரும்போதுதான் மறுபடி தலைகாட்டும். கொலம்பியா பல்கலைக்கழகம் 1919இல் தொடங்கிய 'சமகால நாகரிகம்' என்ற பாடமும், அதைப் பின்பற்றிக் கல்லூரிதோறும் பரவிய மேற்கத்திய நாகரிகப் பாடங்களும் இந்தச் சாய்வை உறுதிப்படுத்தின.

மாற்றம் 1960களில் வந்தது. நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தின் எல். எஸ். ஸ்டாவ்ரியானோஸ் உயர்நிலைப் பள்ளிக்கென்றே எழுதிய உலகளாவிய வரலாற்றுப் பாடநூல் 1962இல் வெளிவந்தது. லண்டனிலோ பாரிசிலோ நின்று பார்க்காமல் நிலாவில் நின்று பூமியைப் பார்ப்பவரின் பார்வையில் வரலாற்றை எழுத வேண்டும் என்பது அவர் கொள்கை. மறு ஆண்டே சிகாகோ பல்கலைக்கழகத்தின் வில்லியம் மெக்நீல் 'மேற்கின் எழுச்சி'யை வெளியிட்டார். தலைப்பு எப்படி இருந்தாலும், நாகரிகங்கள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டதால்தான் மாற்றம் நிகழ்ந்தது என்பதே நூலின் வாதம். ஆல்ஃபிரட் கிராஸ்பி 1972இல் மக்காச்சோளம், உருளைக்கிழங்கு, பெரியம்மை ஆகியவை கடல் கடந்த கதையை எழுதினார். இந்தியப் பெருங்கடல் வணிகத்துக்கு உரிய இடம் தந்து ஜேனட் அபு-லுகோத் 1989இல் எழுதினார். 1982இல் உலக வரலாற்றுச் சங்கம் தோன்றியது. பள்ளி ஆசிரியர்களும் பல்கலைக்கழகப் பேராசிரியர்களும் சமமாக உட்காரும் அமைப்பு அது. அமெரிக்கக் கல்வி உலகில் அது அடிக்கடி நடப்பதல்ல. சங்கத்தின் முதல் தலைவரான சான் டியாகோ மாநிலப் பல்கலைக்கழகத்தின் ராஸ் டன், பிற்பாடு பள்ளிகளுக்காக 'உலக வரலாறு அனைவருக்கும்' என்ற இலவசப் பாடத்திட்டத்தையும் உருவாக்கினார். முழு உலகையும் ஒரே வீச்சில் காட்டும் பாடம், ஒரு நிலப்பரப்பைக் காட்டும் பாடம், ஒரு சிறு நிகழ்வை நெருங்கிப் பார்க்கும் பாடம் என மூன்று அளவுகளில் அதன் அலகுகள் அமைந்துள்ளன. ஆசிரியருக்குப் பாடநூலைவிட இது அதிகம் பயன்படும்.

1994ஆம் ஆண்டுத் தகராறு

தேசிய வரலாற்றுத் தரநிலைகளை வகுக்கும் பணி கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சலஸ் வளாகத்திலிருந்த மையத்திடம் ஒப்படைக்கப்பட்டது. கேரி நாஷும் சார்லட் கிராப்ட்ரியும் அதற்குப் பொறுப்பேற்றனர். 1994இல் தரநிலைகள் வெளிவரும் தறுவாயில், அப்பணிக்கு நிதி தந்த தேசிய மனிதவியல் நிதியத்தின் முன்னாள் தலைவர் லின் செனியே வால் ஸ்ட்ரீட் ஜர்னலில் அவற்றைக் கடுமையாகத் தாக்கி எழுதினார். தாக்குதலின் பெரும்பகுதி அமெரிக்க வரலாற்றுத் தொகுதி மீதுதான். ஆனால் ஐரோப்பாவுக்குத் தனிச் சிறப்பு தரவில்லை என்ற புகாரில் உலக வரலாற்றுத் தொகுதியும் சிக்கியது. 1995 ஜனவரியில் செனட் சபை 99க்கு 1 என்ற வாக்கில் கண்டனத் தீர்மானம் நிறைவேற்றியது. வாக்களித்தவர்களில் எத்தனை பேர் அந்தத் தொகுதிகளைப் படித்திருப்பார்கள் என்பது வேறு விஷயம். 1996இல் திருத்திய பதிப்பு வந்தது. குற்றம் சாட்டப்பட்ட மாதிரிச் செயல்பாடுகள் நீக்கப்பட்டனவே தவிர, உலக வரலாற்றை யுகங்களாகப் பகுத்த அடிப்படை பெரிதும் அப்படியே நின்றது.

காலப் பகுப்பு

காலேஜ் போர்டு நடத்தும் அட்வான்ஸ்டு பிளேஸ்மென்ட் திட்டத்தில் உலக வரலாறு 2001-02 கல்வியாண்டில் சேர்ந்தது. கல்லூரித் தரத்துப் பாடத்தைப் பள்ளியிலேயே படித்துத் தேர்வெழுதும் திட்டம் இது. 2002 மே மாதம் முதல் தேர்வை ஏறத்தாழ 21,000 பேர் எழுதினர். ஒரு புதிய பாடத்துக்கு அது பெரிய தொடக்கம். பழங்காலத்திலிருந்து இன்று வரை ஓராண்டில் என்பதே அப்போதைய எல்லை.

இவ்வளவும் தாங்காது என்று காலேஜ் போர்டு 2018இல் முடிவுசெய்து, பாடம் இனி 1450இல் தொடங்கும் என அறிவித்தது. ஆசிரியர்களும் மாணவர்களும் எதிர்த்தார்கள். 1450இல் தொடங்கினால் மாலியும் இன்கா நாடும் ஐரோப்பியர் வந்து இறங்கும் தருணத்தில்தான் மாணவர் கண்ணில் படும் என்ற அவர்கள் வாதத்துக்கு மறுப்பில்லை. சில வாரங்களிலேயே தொடக்க ஆண்டு 1200க்கு நகர்ந்தது. 2019-20 முதல் 'உலக வரலாறு: நவீன காலம்' என்ற பெயரில் ஒன்பது அலகுகளாகப் பாடம் நடக்கிறது. 1450 முதல் 1900 வரையிலான காலத்துக்கு உரிய நான்கு அலகுகளும் தலா 12 முதல் 15 விழுக்காடு மதிப்பெண் பெறுகின்றன. மற்ற ஐந்துக்கும் தலா 8 முதல் 10.

தெற்காசியா, தென்கிழக்காசியா பற்றிய முதல் அலகுத் தலைப்பில் விஜயநகரம், ஸ்ரீவிஜயம், இராஜபுத்திர அரசுகள், கெமர் பேரரசு, மஜாபாகித், சிங்கள அரச மரபுகள் ஆகியவை எடுத்துக்காட்டுகளாக வருகின்றன. 1279 வரை நீடித்த சோழர் அப்பட்டியலில் இல்லை. எடுத்துக்காட்டுகள் கட்டாயமல்ல, ஆசிரியர் தம் விருப்பப்படி சேர்த்துக்கொள்ளலாம். ஆனால் பட்டியலுக்கு வெளியே போக அவருக்கு நேரம் இருப்பதில்லை.

ஆண்டுத் திட்டம்

பெரும்பாலான மாநிலங்களில் பள்ளி வேலைநாட்கள் 180. பாடவேளை 50 நிமிடம் என்று கொண்டால் கணக்குப்படி 150 மணி நேரம் கிடைக்கிறது. மாநிலத் தேர்வு, பனிப்பொழிவு விடுமுறை, தீயணைப்பு ஒத்திகை, கூட்டங்கள் போக எஞ்சுவது வெகுவாகக் குறையும். அட்வான்ஸ்டு பிளேஸ்மென்ட் வகுப்பென்றால் நெருக்கடி இன்னும் அதிகம். தேர்வு மே மாத முதல் இரு வாரங்களில் நாடெங்கும் ஒரே சமயம் நடக்கும். தென் மாநிலங்களில் பல பள்ளிகள் ஆகஸ்டுத் தொடக்கத்திலேயே திறக்கின்றன. வடகிழக்கில் செப்டம்பரில் தொழிலாளர் தினம் கழிந்த பிறகுதான் வகுப்பு. நியூயார்க் ஆசிரியருக்கு ஜார்ஜியா ஆசிரியரைவிட ஏறக்குறைய ஒரு மாதம் குறைவு. தேர்வு முடிந்தபின் ஜூன் வரை நீளும் நாட்கள் அவருக்கு இருந்தும் பயனில்லை.

அதனால் அனுபவமுள்ள ஆசிரியர் திட்டத்தைக் கடைசியிலிருந்து போடுகிறார். கிராண்ட் விக்கின்ஸ், ஜே மெக்டை ஆகிய இருவரின் 1998ஆம் ஆண்டு நூல் இம்முறையைப் பிரபலமாக்கியது. அலகின் முடிவில் மாணவர் எந்தக் கேள்விக்குச் சான்றோடு விடை எழுத வேண்டும் என்பதை முதலில் தீர்மானித்து, அதற்கு வேண்டிய வாசிப்பையும் பயிற்சியையும் பின்னோக்கி அடுக்குவதே முறை. பாடநூலின் முதல் அத்தியாயத்தில் தொடங்கி வரிசையாகப் போகும் ஆசிரியர், பிப்ரவரியில் பிரெஞ்சுப் புரட்சியிலேயே நின்றுகொண்டிருப்பார். பனிப்போரும் காலனி நாடுகளின் விடுதலையும் கடைசி வாரத்தில் ஓடிப்போகும்.

திட்டத்தை நாட்டுவாரியாக அமைப்பதா, தொடர்புகளின் வழியாக அமைப்பதா என்பது அடுத்த முடிவு. நாட்டுவாரி முறையில் சீனா ஒரு மாதம், இந்தியா ஒரு மாதம் என்று போகும். ஒவ்வொரு நாடும் தனித்தீவாக நிற்கும். தொடர்புகளின் வழியே போகும் முறைக்கு 16ஆம் நூற்றாண்டு வெள்ளி நல்ல எடுத்துக்காட்டு. இன்றைய பொலிவியாவிலுள்ள போட்டோசி மலையில் 1545இல் வெள்ளி கண்டெடுக்கப்பட்டது. 1570களில் ஆளுநர் ஃபிரான்சிஸ்கோ டி டொலேடோ, 'மிதா' என்ற பழைய இன்கா உழைப்பு முறையைத் திரித்து ஆந்தீஸ் மக்களைச் சுரங்கத்துக்குக் கட்டாயமாக அனுப்பினார். 1571இல் ஸ்பானியர் மணிலா நகரை நிறுவியதும் வெள்ளி அகாபுல்கோவிலிருந்து நேராகப் பசிபிக்கைக் கடந்தது. அதே காலத்தில் சீனாவின் மிங் அரசு வரிகளை ஒன்றாக்கி வெள்ளியாகச் செலுத்தச் சொன்னது. தங்கத்தோடு ஒப்பிட்டால் சீனாவில் வெள்ளிக்கு ஐரோப்பாவைவிட ஏறத்தாழ இருமடங்கு மதிப்பு. வெள்ளி அங்கே ஓடியதில் வியப்பில்லை. உலக வணிகம் பிறந்த ஆண்டே 1571 என்று டென்னிஸ் ஃபிளின், ஆர்டுரோ கிரால்டெஸ் என்ற வரலாற்றாசிரியர்கள் வாதிட்டனர். 'வெள்ளி ஏன் சீனாவை நோக்கி ஓடியது?' என்ற ஒரு கேள்வியை வைத்தே நான்கு கண்டங்களை ஒரு வாரத்தில் நடத்திவிடலாம். நாட்டுவாரித் திட்டத்தில் இதுவே நான்கு மாதங்களில் சிதறி, யாருக்கும் தொடர்பு விளங்காமல் போகும்.

ஆவணக் கட்டுரை

இப்பாடத்தின் தனி முத்திரை ஆவணக் கட்டுரை. கடிதம், அரசாணை, பயணக்குறிப்பு, படம், புள்ளிவிவர அட்டவணை போன்ற ஏழு ஆவணங்கள் மாணவரிடம் தரப்படும். அவற்றைச் சான்றாக வைத்து ஒரு வாதத்தை எழுத வேண்டும். வாசிப்புக்கான 15 நிமிடத்தையும் சேர்த்து ஒரு மணி நேரம்; மொத்த மதிப்பெண்ணில் நான்கில் ஒரு பங்கு. 55 நிமிடத்தில் 55 பல்தேர்வு வினாக்களும் மூன்று குறுவிடைகளும் ஒரு நெடுங்கட்டுரையும் தேர்வின் மற்றப் பகுதிகள். ஆவணக் கட்டுரை 1973இல் அமெரிக்க வரலாற்றுத் தேர்வுக்காக உருவானது. உலக வரலாற்றுக்கு அது அதைவிடப் பொருந்திவிட்டது என்றே சொல்ல வேண்டும்.

பழைய வினாக்களை வரிசையாகப் பார்த்தால் பாடத்தின் மனப்போக்கு தெரியும். 2002இல் வணிகர்களைக் கிறித்தவமும் இஸ்லாமும் எப்படி நோக்கின என்று கேட்டார்கள். 2004இல் சீனாவில் பௌத்தம் பரவிய விதம். 2007இல் தொழில்நுட்பத்தின் மீது ஹான் சீனரும் ரோமானியரும் கொண்ட மனோபாவம். 2010இல் ஜப்பானிலும் இந்தியாவிலும் பருத்தி ஆலைகள். 2012இல் தெற்காசியாவில் கிரிக்கெட்டும் அரசியலும். கிரிக்கெட் ஆட்டம் ஒன்றைக்கூடப் பார்த்திராத எத்தனையோ பிள்ளைகள் அதற்கு விடை எழுதியிருப்பார்கள். 2003ஆம் ஆண்டு வினா 19, 20ஆம் நூற்றாண்டுகளின் ஒப்பந்தக் கூலி முறையைப் பற்றியது. சென்னைத் துறைமுகத்திலிருந்து 1860இல் 'ட்ரூரோ' கப்பல் தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்குக் கொண்டுசென்ற தமிழரும் தெலுங்கரும் அந்த வரலாற்றில் வருபவர்களே.

வகுப்பறைக்கு மிகவும் பயன்பட்டது 2006ஆம் ஆண்டின் வெள்ளி வினா. அதன் ஆவணங்களில் செவில் நகரத்து தொமாஸ் டி மெர்காடோ விலைவாசி பற்றி எழுதுகிறார். வெள்ளித் தட்டுப்பாட்டால் தானியம் மலிந்துபோனதை மிங் அரசு அதிகாரி வாங் ஷிஜுவே பேரரசரிடம் முறையிடுகிறார். ஜப்பானிய வெள்ளியைப் போர்த்துகீசியர் அள்ளிச் செல்வதை ஆங்கில வணிகர் ரால்ஃப் ஃபிட்ச் குறிக்கிறார். கீழை வணிகத்தால் ஐரோப்பா வெள்ளி இழப்பதை சார்லஸ் டாவெனன்ட் 1697இல் விவாதிக்கிறார். சுரங்கத்தில் உழைத்தவர் குரல் எங்கும் இல்லை. இன்னும் எந்த ஆவணம் இருந்திருந்தால் நன்றாயிருக்கும் என்று மாணவர் எழுதுவதற்கு அந்நாளில் மதிப்பெண் உண்டு. 'யார் பேசவில்லை' என்று கேட்கப் பழக்கிய அந்த விதி பின்னர் நீக்கப்பட்டது நல்லதல்ல. இப்போது ஆவணங்களுக்கு வெளியிலிருந்து ஒரு சான்று தந்தால் மதிப்பெண்.

ஆவணங்களை வாசிக்கும் பயிற்சிக்கு அடிப்படை தந்தவர் கல்வி ஆய்வாளர் சாம் வைன்பர்க். வரலாற்றாசிரியர் சிலரிடமும் உயர்நிலைப் பள்ளி மாணவர் சிலரிடமும் அமெரிக்க விடுதலைப் போரைத் தொடங்கிவைத்த 1775ஆம் ஆண்டு லெக்சிங்டன் மோதல் பற்றிய ஆவணங்களைக் கொடுத்து அவர்கள் வாசிப்பதைக் கவனித்தார். முடிவு 1991இல் வெளிவந்தது. வரலாற்றாசிரியர் முதலில் அடியில் உள்ள பெயரையும் தேதியையும் பார்த்தனர். மாணவர் முதல் வரியிலிருந்து நேராகப் படித்தனர். பாடநூல் பகுதியையே மிகவும் நம்பினர். ஸ்டான்ஃபோர்டில் அவர் அமைத்த குழு தயாரித்த இலவசப் பாடங்கள், எழுதியவர் யார், எப்போது, எதற்காக, வேறு ஆவணம் இதை ஒத்துக்கொள்கிறதா என்ற கேள்விகளை ஒவ்வொரு நாளும் கேட்க வைக்கின்றன.

பாடவேளை

50 நிமிட வகுப்பு பெரும்பாலும் பலகையில் எழுதிய ஒரு கேள்வியோடு தொடங்கும். பிள்ளைகள் உட்கார்ந்து நோட்டைத் திறக்கும் ஐந்து நிமிடம் அதில் கழியும். பிறகு பத்து, பன்னிரண்டு நிமிடம் ஆசிரியர் பின்னணி சொல்வார். அதற்குமேல் நீண்டால் பின்வரிசை கைநழுவிப்போகும். அடுத்து இருவர் மூவராக ஒரு ஆவணத்தில் வேலை, பின் பொது விவாதம், கடைசியில் வெளியேறும்முன் ஒரு துண்டுச் சீட்டில் ஒரு வரி விடை. அந்தச் சீட்டுகளைப் பார்த்து மறுநாள் வகுப்பை மாற்றாத ஆசிரியருக்கு அவை குப்பைதான். 2012இல் ஜான் கிரீன் தொடங்கிய 'கிராஷ் கோர்ஸ்' காணொளிகள் பின்னணி சொல்லும் வேலையை ஓரளவு எடுத்துக்கொண்டன. அவர் பேசும் வேகத்துக்குக் குறிப்பெடுப்பது தனிக் கலை.

திருத்தும் சுமையைத் திட்டத்திலேயே சேர்க்க வேண்டும். நாளுக்கு ஐந்து வகுப்பு, வகுப்புக்கு 30 பேர் என்றால் 150 கட்டுரை. ஒன்றுக்குப் பத்து நிமிடம் என்றாலும் 25 மணி நேரம். எனவே முழுக் கட்டுரையை அடிக்கடி எழுத வைக்க முடியாது. ஒரு வாரம் வாதத்தை மட்டும், இன்னொரு வாரம் ஒரு பத்தியை மட்டும் எழுதவைத்துத் திருத்துவது வழக்கம்.

மதங்களைப் பற்றிய பாடங்களில் சட்டம் குறுக்கிடுகிறது. அரசுப் பள்ளியில் மதத்தைக் கல்வியாகக் கற்பிக்கலாம், வழிபாடாக நடத்தக் கூடாது என்பது 1963ஆம் ஆண்டு அபிங்டன் வழக்கில் உச்ச நீதிமன்றம் தந்த தெளிவு. இருந்தும் மேரிலாந்தில் உலக வரலாற்று வகுப்பின் பயிற்சித்தாளில் இஸ்லாமிய நம்பிக்கை உறுதிமொழியின் விடுபட்ட சொற்களை நிரப்பச் சொன்னது வழக்காயிற்று. 2019இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் பள்ளியின் பக்கம் தீர்ப்பளித்தது. அடிமை ஏலம், வதைமுகாம் போன்றவற்றை வகுப்பில் நடித்துக் காட்டும் பழக்கமும் உண்டு. வாஷிங்டனிலுள்ள யூத இனப்படுகொலை நினைவு அருங்காட்சியகம் இத்தகைய நடிப்புகளைத் தவிர்க்கச் சொல்கிறது. அவற்றால் பிள்ளைகள் கற்பது எதுவுமில்லை.

ஆசிரியர் உரிமம் பொதுவாகச் சமூக அறிவியல் முழுமைக்கும் சேர்த்தே வழங்கப்படுகிறது. அமெரிக்க வரலாறு படித்தவர் சொங் மரபுக் காலச் சீனாவை நடத்துவதும், கூடைப்பந்துப் பயிற்சியாளருக்கு இந்த வகுப்பு ஒதுக்கப்படுவதும் பழைய முறையீடுகள்.

இன்றைய நிலை

அட்வான்ஸ்டு பிளேஸ்மென்ட் உலக வரலாற்றுத் தேர்வை இப்போது ஆண்டுதோறும் 3 இலட்சத்துக்கும் மேற்பட்டோர், பெரும்பாலும் 10ஆம் வகுப்பினர், எழுதுகின்றனர். 2025 முதல் தேர்வு கணினியில் நடக்கிறது. நியூயார்க் மாநிலத் தேர்வு 1750க்குப் பிந்திய காலத்தை மட்டுமே கேட்கிறது.